உப்பு கேட்கப் போகிறவள்

எங்கள் லிஃப்டில் ஏறுவதற்குத்தான் காசு.
இருபது தெத்ரி நாணயம் போட்டால்
முனகிக்கொண்டே தூக்கும்.
இறங்குவது இலவசம்.

திபிலிசியின் வடக்கு ஓரம்,
ஒன்பது மாடிச் சாம்பல் கட்டடம்.
ஒன்பதில் நாஸிப்ரோலா.
ஏழில் ஒட்டாரி, லாமாரா, ஐந்து வயது சந்த்ரோ.
நடுவில், எட்டில், நான்.

குடித்த இரவுகளில் ஒட்டாரியின் கை நீளும்.
முதலில் நாற்காலி விழும்,
அப்புறம் ஏதோ உடையும்,
அப்புறம் சத்தமே இருக்காது.
அதுதான் மோசம்.
நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவேன்.
வானிலை அறிக்கையை அவ்வளவு அக்கறையாகக் கேட்டவன்
இந்த நகரத்தில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

அப்போது என் கதவைத் தாண்டிப் படியிறங்கும்
ஒரு ரப்பர் செருப்பு.
ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
ஈரப் போர்வைகள் தூக்கித் தேய்ந்த முட்டி.
கீழே மணி அடிக்கும்.

"ஒட்டாரி, ஒரு கிண்ணம் உப்பு இருக்குமா?
அடுப்பில் சூப் கொதிக்கிறது."

இரவு பதினொன்றரைக்கு
என்ன சூப்?

அவன் திட்டுவான். அவள் நிற்பாள்.
கதவிடுக்கில் லாமாராவின் முகம் தெரியும்வரை
நிற்பாள்.
ஓங்கிய கை
உப்பு ஜாடியைத் தேட வேண்டிவரும்.
தேடும் நேரத்தில் கோபம்
எதற்காக வந்தோம் என்று மறந்துபோகும்,
சில இரவுகள்.
எல்லா இரவும் அல்ல.

பிப்ரவரியில் ஒருநாள் குப்பை கொட்டக் கதவைத் திறந்தேன்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே
படியில் உட்கார்ந்திருந்தாள்.
கிண்ணம் மடியில்.
கை ஆடிய ஆட்டத்தில்
பாவாடையெல்லாம் உப்பு.
போகும்போது நடுங்காத கை போலிருக்கிறது,
திரும்பும்போது மொத்தமாக நடுங்கியது.

"பயமாக இல்லையா?" என்றேன்.
"இருக்கிறதே.
வீட்டில் தனியாக விட்டால் அழும்,
அதனால் அதையும் கூட்டிக்கொண்டு போகிறேன்."
சிரித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்,
குற்றம் சாட்டுகிற குரலில்லை,
பால் வந்துவிட்டதா என்று கேட்கிற குரல்:
"உன் வீட்டிலும் கேட்குமல்லவா?"

கேட்கும் என்றேன்.
உப்புக்குச் சப்பாணி என்பார்களே,
ஆட்டத்தில் இருந்தும் இல்லாதவன்,
அந்தச் சொல்லை அன்றுதான்
என் அளவுக்குத் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும்.
ஒட்டாரிக்கு நிமோனியா வந்த வாரம்
சூப் கொண்டுபோனதும் அவள்தான்.
"அவனுக்கா?" என்றேன்.
"காய்ச்சலுக்கு," என்றாள்.

மார்ச்சில் ஒரு செவ்வாய், மின்சாரம் பாதி.
நாற்காலி விழுந்தது.
பிறகு படியேறும் ஓட்டம்:
இரண்டு வெறுங்கால், இரண்டு குட்டிக்கால்.
என் கதவைத் தாண்டி ஒன்பதுக்கு.
பின்னாலேயே பூட்ஸ்.

தொலைக்காட்சியின் பொத்தானில் இருந்தது என் விரல்.
எடுத்தேன்.
கையில் கிடைத்தது
தேநீர்க் கறை படிந்த ஒரு கோப்பை.
வெளியே வந்து படியில் நின்றேன்.
என் கால் என்னுடையதாக இல்லை.

"ஒட்டாரி," என்றேன்,
குரல் பாதியில் உடைந்தது,
"கொஞ்சம் உப்பு இருக்குமா?"

படி விளக்கு தானாக அணைந்தது.
இருட்டில் அவன் மூச்சு. என் மூச்சு.
மேலே ஒரு தாழ்ப்பாள் விழும் ஓசை.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அவன் கீழே போனான்.
திரும்பி வந்து கோப்பையைத் தலைதட்ட நிரப்பினான்.
கைவிரலெல்லாம் உப்பு.
அழுதானா, குடித்த மூக்கு ஒழுகியதா,
அந்த இருட்டில் தெரியவில்லை.

அவன் திருந்தினான் என்று எழுத ஆசைதான்.
லாமாரா குழந்தையோடு குத்தாயிசிக்கு,
அக்காவிடம் போய்விட்டாள்.
பேருந்துக்கு ஆளுக்குப் பாதி கொடுத்தோம்,
நாஸிப்ரோலாவும் நானும்.
ஏழில் இப்போது ஒரு விளக்கு மட்டும் எரிகிறது.

நாஸிப்ரோலாவின் அலமாரியில்
ஊறுகாய் போடும் பெரிய ஜாடி.
கழுத்துவரை உப்பு.
"என்ன செய்யப் போகிறாய் இதை?"
"பனி உறைந்தால் வாசற்படியில் தூவலாம்," என்றாள்,
"யாரும் வழுக்கக் கூடாது."

இன்று காலை லிஃப்டில் ஒட்டாரி
பை பையாகத் துழாவினான். சில்லறை இல்லை.
நான் அவனைப் பார்க்கவில்லை.
நாணயத்தைப் போட்டேன்.
ஏழு அழுத்தினேன்.
பிறகு எட்டு.